லயத்துக் காம்பராவுக்கு விலை என்ன?

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் நண்பன் ஒருவன் போன வருசம் வெள்ளவத்தைப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தான். பார்த்த விளம்பரங்களை எல்லாம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுவான். அதில் ஒன்று: பழைய மாடிக் கட்டடம், உயரமான கூரை, தேக்குக் கதவு, தரையும் குளியலறையும் புதிது, நாலு அடி வைத்தால் சந்தை, பஸ், கடல். கீழே ஒரு வரி: "போருக்கு முந்தைய கட்டடம். முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது."

"எந்தப் போருக்கு முந்தி?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டாம் உலகப் போர் என்று தெரிந்ததும் இன்னொருவன் எழுதினான்: "அட, எங்க லயம் முதலாம் உலகப் போருக்கும் முந்தினதுடா. கருங்கல்லு சுவரு. முன்னால மலை, பின்னால ஆறு. யாராச்சும் வாங்குறீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ரெண்டு வாரம்தான். நண்பன் கடன் கேட்டுப் போன வங்கியில் பிணைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். அவனோடு வேலை செய்கிறவர்கள் அப்பாவின் காணி உறுதியைக் கொண்டுபோய் வைத்தார்கள். இவனுடைய குடும்பம் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அஞ்சு தலைமுறையாக இருக்கிறது. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "அப்ப உங்க அப்பா எங்க இருக்காரு?" என்று அந்த அதிகாரி கேட்டாராம். "லயத்துல" என்றால் அவருக்குப் புரியவில்லை. நண்பன் அன்றிரவு குழுவில் ஒரே ஒரு வரி எழுதினான்: "நம்ம காம்பராவுக்கு உண்மையிலேயே விலை என்ன?"

அந்தக் கேள்வியை நாங்கள் விடவில்லை. பெரியவர்களிடம் கேட்டோம், படித்தோம், எங்களுக்குள் சண்டையும் போட்டோம். அதன் சுருக்கம்தான் இது.

ஒரே மலை, ரெண்டு கட்டடம்

நீங்கள் மலையகத்தில் பிறந்தவர் என்றால் இந்தக் காட்சி தெரியும். மேட்டில் துரை பங்களா. நல்ல காற்று, புல்தரை, ரோசாச் செடி. பள்ளத்தில் லயம். இரண்டும் பெரும்பாலும் ஒரே காலத்தில், அதே மலையின் கல்லில், ஒரே கம்பனியின் காசில் கட்டப்பட்டவை. இரண்டுமே "போருக்கு முந்தைய" கட்டடங்கள்தான்.

பங்களாவுக்கு என்ன நடந்தது என்று பாருங்க. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் பழைய துரை பங்களாக்களை 2005இல் புதுப்பித்து "சிலோன் டீ டிரெயில்ஸ்" என்ற பெயரில் விடுதியாக்கினார்கள். காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியன்சின், டன்கெல்ட் என்று ஐந்து பங்களாக்கள். டியன்சின் 1888இல் கட்டியது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் 1973இல் மூடப்பட்டுக் கிடந்தது. 1996இல் அது ஹோட்டலாகத் திறந்தது. பழைய இயந்திரத்தைக்கூட கழற்றாமல் காட்சிக்கு வைத்தார்கள். நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீடாகத் தொடங்கியது.

இங்கே எல்லாம் வயசு கூடக் கூட விலை கூடுகிறது. அசல் கணப்பு அடுப்பு, அசல் மரத்தரை, அசல் சன்னல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சில பங்களாக்களில் ஒரு ராத்திரி தங்குகிற காசு கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் சில மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

லயத்தில் எல்லாமே அசல்தான். அசல் தகரம், அசல் சுவர், அசல் புகைக்கரி. ஆனால் அதை யாரும் விளம்பரம் போடுவதில்லை. விற்க ஆள் இல்லை என்பதும் காரணம். அதைவிட, விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நூத்தைம்பது வருசம் பின்னால் போகவேண்டும்.

தங்குவதற்காகக் கட்டாத வீடு

லயம் தேயிலைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அது கோப்பிக் காலத்துச் சரக்கு. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கிற சில மாதங்களுக்குத்தான் நிறைய ஆள் தேவைப்பட்டது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துச் சனங்கள் கங்காணியின் பின்னால் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். அந்தச் சில மாதத்துக்கு மழை நனையாமல் படுக்க ஓர் இடம். அதற்குப் பட்டாளக் குடியிருப்பு மாதிரி ஒரு நீளக் கொட்டகை கட்டி, குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்தார்கள்.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றது. அதற்கு ரெண்டு வருசம் முன்னாலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலை வேற மாதிரிப் பயிர். வருசம் முழுக்கத் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை அதே மலைக்குத் திரும்பி வந்து கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே ஆள் போகக் கூடாது. பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், பிள்ளைகள் அடுத்த கைகளாக வளரவேண்டும்.

வேலை நிரந்தரமானது. வீடு மட்டும் மாறவில்லை. தனியாள்கள் சில மாதம் ஒதுங்கக் கட்டிய திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அவ்வளவுதான். 120 சதுர அடிக்குள் பிறப்பு, சாவு, சமையல், சடங்கு, புருசன் பொண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளை எல்லாம். ஒற்றை லயம் என்றால் பின்பக்கமாவது கொஞ்சம் வெளிச்சம் வரும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் அதுவும் இல்லை.

எங்கள் பாட்டிமார் பேசும் சொற்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். காம்பரா, குசினி போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை. இஸ்தோப்பு ஒல்லாந்துக்காரரின் சொல். லயன், பங்களா, ஸ்டோர் ஆங்கிலேயர் காலத்தவை. விடியற்காலையில் ஆள்களை நிறுத்திப் பேர் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர், அது பட்டாளத்துச் சொல். குடியிருக்கிற இடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் யாரோ பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்முடைய சொல் எது என்று தேடினால், தண்ணி எடுக்கிற பீலிக்கரை கிடைக்கிறது.

வேலை போனால் வீடும் போச்சு

வெள்ளவத்தை வீட்டையும் லயத்தையும் பிரிக்கிற முக்கியமான கோடு அளவில் இல்லை. லயத்தில் இருப்பவர் வாடகைக்காரர் கிடையாது. வாடகை கொடுப்பதில்லை, ஒப்பந்தம் இல்லை. வேலையோடு சேர்த்துக் கொடுத்த இடம். வேலையை விட்டால் இடத்தையும் விடவேண்டும். 1921 வரை துண்டு முறை இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தது என்று துரை துண்டு எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்தில் வேலை. போகவும் முடியாது, இருக்கவும் உரிமை கிடையாது.

லயத்துக்கு யார் வரலாம் என்பதைக்கூட துரைதான் சொல்வார். தோட்டம் தனியார் நிலம். உள்ளே வந்த வெளியாள் அத்துமீறி நுழைந்தவர். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் போக, புடவை வியாபாரி வேசம் போட்டார். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி, ஆள்களோடு பேசி, வெளியே வந்து எழுதினார். 1931இல் அவர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, தானே பாடி, கூட்டம் சேர்த்தார். சொந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளியை அழைக்க இப்படி ஒரு நாடகம் வேண்டியிருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக அரசாங்கம் எடுத்தது. காணியில்லாத சிங்களக் கிராமத்தாருக்குக் காணி வேண்டும் என்ற நியாயம் பொய்யில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே சில நூறு தொழிலாளர்கள் லயத்தில் இருந்தார்கள். போங்கள் என்றார்கள். எங்கே போவது என்பதற்குப் பதில் இல்லை. அவர்களுக்காக மலைநாடு முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளத்துக்காக நடந்த போராட்டங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இது குடியிருக்கும் இடத்துக்காக நடந்தது.

1964: இரண்டு நாடு, இரண்டு கணக்கு

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடகும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். பின்னாளில் அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் "வீடற்றவன்". அந்தப் பெயரே எங்கள் கட்டுரையின் பாதியைச் சொல்லிவிடுகிறது.

அடுத்த வருசமே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. காணி கேட்க முதலில் இந்த நாட்டுக்காரன் என்று காட்டவேண்டும். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தில் வழங்கிய முடிக்காணி எங்களுக்கு வராததன் அடிப்படையும் இதுதான். காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காடும் இல்லை, தோட்டமும் இல்லை.

1964ஆம் வருசத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த வருசம் சிங்கப்பூர் அரசாங்கம் தான் கட்டிய அடுக்குமாடி வீடுகளைக் குடிமக்களுக்குச் சொந்தமாக விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தீவுக்குக் கூலிகளாகப் போன தமிழரின் பிள்ளைகளும் பின்னால் அப்படி வீட்டுக்காரர் ஆனார்கள். அதே வருசம் ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சனங்களையே பங்கு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் வீட்டைப் பற்றி யார் பேசுவார்?

ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கச்சி இலங்கைக்கு என்று ஆனது. போக நாள் குறித்தவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தினார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் அப்பாயி சொன்னது: "பாஸ்போட்டு வந்துரும் வந்துரும்னு பத்து வருசம் பெட்டிய கட்டியே வச்சிருந்தோம். அதுக்குள்ள ஒழுகுற தகரத்த யாரு மாத்துவா?" அவர் கடைசிவரை போகவில்லை. தகரமும் மாறவில்லை.

1973: கொழும்புக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு பஞ்சம்

எங்கள் நண்பன் தேடிய மாதிரி ஒரு மாடி வீட்டை இலங்கையில் தனியாக வாங்கி விற்கமுடிவதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்டது. மிச்ச வீடுகளில் குடியிருந்த வாடகைக்காரர்கள் அவற்றை வாங்க வழி திறந்தது. அதே வருசம் அடுக்குமாடியில் ஒரு மாடியை மட்டும் சொந்தமாக்கும் சட்டமும் வந்தது. நகரத்தில் வாடகைக்காரர் பலர் வீட்டுக்காரர் ஆன காலம் அது.

மலையகத்துக்கு அந்த மாற்றம் ஏறி வரவில்லை. ஏற வேண்டிய நேரமும் அதுதான். 1972 காணிச் சீர்திருத்தத்தில் தனியாரின் தோட்டங்களையும் 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. காணி அரசுக்கு வந்த அந்தக் கணத்தில், குடியிருப்பவருக்குக் காம்பராவை எழுதிக் கொடுக்கத் தடையாக எந்த வெள்ளைக்காரத் துரையும் இல்லை. கொடுக்கவில்லை. பங்களாவில் துரை மாறினார், லயத்தில் ஒன்றும் மாறவில்லை. 1973–74இல் தோட்டங்களில் வந்தது பஞ்சம். மாவும் அரிசியும் இல்லாமல் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் செத்தார். அவரைப் பாடப்புத்தகத்தில் நாங்கள் படிக்கவில்லை. பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும்.

சீ.ஆர். கொப்பியில் ஓர் உறுதி

1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. பிறகு 53 வருசக் குத்தகை. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, குடியிருப்பு எங்களுக்கு. மூணு பேருக்கும் நடுவில் எங்கள் கையில் மட்டும் காகிதம் இல்லை. அந்தக் காலத்தில் கடன் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டி, தனி வீடுகள் கட்டவைத்தார்கள். பலர் கடனைக் கட்டி முடித்துவிட்டார்கள். உறுதி மட்டும் வரவில்லை. கட்டி முடித்த வீடு யாருடையது என்று கேட்டால் இன்றும் ஆளுக்கொரு பதில்.

அதனால் விலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லயத்திலும் வாங்கல் விற்றல் உண்டு. எங்களில் ஒருத்தியின் குடும்பம் பத்து வருசத்துக்கு முன்னால் பக்கத்துக் காம்பராவை "வாங்கியது". அங்கே இருந்தவர்கள் கொழும்போடு போய்விட்டார்கள். காது தோடு அடகுக்குப் போனது. காசு எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு சீ.ஆர். கொப்பியின் நடுப்பக்கத்தைக் கிழித்து, "இன்ன காம்பராவை இன்னாருக்கு விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதி, கோயில் தலைவரும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்து. அம்மா அந்தத் தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி வாளிக்கு மேலே உத்தரத்தில் செருகி வைத்திருக்கிறார்.

பிறகு நடுச்சுவரில் வாசல் வெட்டி, பின்பக்கம் ஒரு குசினி இறக்கி, தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். நாலு வருசச் சேமிப்பு. முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது! ஒரு நாள் தோட்ட ஒபிசிலிருந்து கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் கட்டிய பகுதியை உடைக்கவேண்டுமாம். ஆறு மாதம் ஒபிசுக்கும் சங்கத்துக்கும் நடந்து, கடைசியில் யாரோ யாரிடமோ பேசி, அது அப்படியே விடப்பட்டது. உடைக்கவும் இல்லை, அனுமதி என்று எழுதித் தரவும் இல்லை. மேட்டுப் பங்களாவைப் புதுப்பித்தால் அது மரபுரிமை. பள்ளத்தில் ஒரு குசினி இறக்கினால் அத்துமீறல்.

இந்தக் கதையைக் கேட்டபின் வங்கிக்குப் போன நண்பன் சொன்னான்: "அந்தத் தாள கொண்டுபோய் பேங்க்ல வச்சிருக்கணும்டா."

ஏழு பேர்ச்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று முன்னாலேயே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது? வேறு காணி இருந்தால்தானே போகமுடியும். பள்ளத்தில், ஓடைக்கரையில், தேயிலைக்கு ஆகாத சரிவில் லயம் வைத்தது நாங்கள் இல்லை.

அதற்குப் பிறகுதான் தனி வீடும் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் என்ற கொள்கை பலமாக வந்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் நடந்துகொண்டிருந்தன. 2017 மே 12இல் நோர்வூட் மைதானத்தில் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பிரதேச சபைகளைப் பிரித்து ஆறாக்கினார்கள். அதே வருசம் புதிய கிராமங்களுக்கான அதிகார சபைச் சட்டமும் வந்தது. இவையெல்லாம் சின்ன விசயமில்லை. தனி வீட்டுக்குப் போன ஒரு தங்கச்சி எங்களிடம் சொன்னாள்: "அக்கா, மொத தடவையா கதவ சாத்திட்டுப் படிக்கிறேன்."

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு ஏக்கர் 160 பேர்ச். 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். ஜேம்ஸ் டெய்லர் முதலில் தேயிலை போட்ட 19 ஏக்கரை மட்டும் இப்படிப் பிரித்தால் 434 குடும்பங்களுக்குக் காணி கொடுக்கலாம். காணி இல்லை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எங்களுக்கு ஞாபகம் வருகிறது. எழுபது எண்பது வருசமாக ஒவ்வொரு அரசும் தேயிலை ஏக்கரை எண்ணுவதில் தவறவே இல்லை.

2023இல், வந்து இருநூறு வருசம் என்பதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். ஜூலை 28இலிருந்து ஆகஸ்ட் 12 வரை. முன்னோர் நடந்த அதே பாதை. கேட்டவற்றில் முதன்மையானது காணியும் வீடும், உறுதியோடு. அதே வருசம் நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று 400 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். 10 பேர்ச் என்ற பேச்சும் வந்தது. பேச்சுக்கும் உறுதிக்கும் நடுவில்தான் எங்கள் பெற்றோர் வயசாகிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற மலைகள், வேறொரு நகரம்

இது எங்கள் மலையோடு நிற்கிற கதை இல்லை. ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களில் பலரை நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் வைத்தார்கள். அங்கும் தோட்டக் குடியிருப்பு, அங்கும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய் என்ற நெருக்கடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்தது. மூடுண்டவை லயங்கள். செத்த 70 பேரும் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். மீரியபெத்தைக்காரர் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்தால் அது தன் ஊர் என்றே நினைப்பார்.

மும்பையில் வேற மாதிரி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 1920களில் அரசு தொழிலாளருக்குக் கட்டிய பி.டி.டி. சால்கள் வோர்லி, நாய்காவ் பகுதிகளில் இருக்கின்றன. 160 சதுர அடி ஒற்றை அறை, பொதுக் கக்கூஸ். லயத்தை நிமிர்த்தி மாடியாக அடுக்கினால் அதுதான். நகரத்தின் விலை ஏறிய இடத்தில் இருப்பதால் அவர்களைச் சும்மா துரத்த முடியவில்லை. பல வருசம் போராடிப் பேசி, இடித்துக் கட்டும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே இடத்தில் 500 சதுர அடி வீடு சொந்தமாக என்று முடிவானது. குடியிருந்த காலத்தையே உரிமையாகக் கணக்கெடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்க எங்களுக்கு நியாயம் இருக்கிறது.

உடைப்பதா, வைப்பதா?

இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பாதிப் பேர் லயத்தைத் தரைமட்டமாக்கவேண்டும் என்கிறார்கள். "நீங்க போட்டோ எடுக்குற எடத்துலதான் எங்க அம்மா புகையில இருமுது" என்று ஒருத்தி கத்தினாள். அவளுக்கு எதிராகப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

மற்றவர்கள் சொன்னது: உடைங்க, ஆனா எல்லாத்தையும் உடைக்காதீங்க. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தைப் புதுப்பித்து 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் ஒருமுறை போனோம். அம்மி, கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய காகிதங்கள், அந்தச் சின்னக் காம்பரா. எங்களோடு வந்த ஓர் அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பொருள்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம வூட்ல இப்பவும் இருக்கே" என்றார். அருங்காட்சியகம் வந்துவிட்டது, பழசு இன்னும் பழசாகவில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். உடைப்பதா வைப்பதா என்று முடிவெடுக்கிறவர் அதில் குடியிருப்பவராக இருக்கவேண்டும். அதற்குக் கையில் உறுதி வேண்டும், அதில் பெண்ணின் பெயரும் வேண்டும். அந்நியச் செலாவணி கொண்டுவந்த கொழுந்தைக் கிள்ளியது பெரும்பாலும் பெண்ணின் விரல்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டுக்குப் போனால் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் துண்டு, கடன் கட்டிய ரசீது, தோட்டத்துக் கடிதம், சீ.ஆர். கொப்பித் தாள், எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். யார் எந்த வருசத்திலிருந்து இருக்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு காரியாலயத்தில் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும்போது அது தேவைப்படும்.

நண்பனுக்கு வெள்ளவத்தை வீடு கிடைக்கவில்லை. தெகிவளைப் பக்கம் ஓர் அறை எடுத்து வாடகைக்கு இருக்கிறான். தீபாவளிக்கு லயத்துக்கு வந்தவன், அப்பாவும் தாத்தாவும் எப்போது பிறந்தார்கள், எந்தக் காம்பராவில் பிறந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "எதுக்குப்பா இதெல்லாம்?"

"வீடு வாங்கத்தாம்மா" என்றான்.